உடல் மீண்டால் உள்ளம் மீளும்

(சங்கத்தின் வருடாந்த ஒன்றுகூடலில் அங்கத்தவர் ஒருவர் நிகழ்த்திய உரை)

 

தேகப்பயிற்சியைப் பற்றிப் பேசும்படி செயலாளர் எனக்குக் கடிதம் எழுதியபோது சற்றுத் தயங்கினேன். அதன் பெருமையை எடுத்துரைக்க என்னிலும் தகுதி வாய்ந்தோர் இச்சபையில் பலர் உளர். விளையாட்டு வீரர்கள் இருக்கிறீர்கள், வைத்தியர்களும் இருக்கிறீர்கள். ஆயினும், ஏழு ஆண்டுகள் அதனை இழந்திருந்து பின்னர் மீண்டும் பெற்றவள் என்ற வகையில் எனக்குச் சொல்ல ஒன்று உண்டு. வெட்கத்தை ஒருபுறம் வைத்துவிட்டு அதனையே சொல்லப் போகிறேன்.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். பாடசாலையின் வலைப்பந்தாட்டக் குழுவில் நான்கு ஆண்டுகள் ஆடினேன். திருமணமாகி வெள்ளவத்தைக்கு வந்த புதிதில், விடியற்காலையில் மரைன் டிரைவில் கடற்காற்று வாங்கிக்கொண்டு நடப்பது என் வழக்கம். முதல் மாதத்திலேயே கணவர், "தனியாகப் போகவேண்டாம், எனக்குப் பயமாக இருக்கிறது" என்றார். அதனை அன்பு என்று எண்ணி மகிழ்ந்தேன். நடை நின்றது. அடுத்து, பழைய தோழியரோடு ஆடும் சனிக்கிழமை ஆட்டம் நின்றது. பிறகு தொலைபேசியில் யாரோடு கதைத்தேன் என்று பார்க்கத் தொடங்கினார். சந்தைக்குப் போய்வர இருபது நிமிடம் என்று கணக்கு வைத்தார். இருபத்தைந்து நிமிடமாகிவிட்டால், எங்கே நின்றாய், யாரைப் பார்த்தாய் என்று இரவு முழுவதும் விசாரணை நடக்கும். நாளடைவில் அவர் கேட்க வேண்டியதே இல்லாமற் போயிற்று. நானே மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு காலி வீதியைக் கடந்து ஓடிவரப் பழகிவிட்டேன்.

ஒரு நாளும் அவர் என்மீது கை வைத்ததில்லை. ஆகையால் உறவினர்கள், "அடிக்கவில்லையே, குடிக்கவில்லையே, வேறென்ன குறை?" என்றார்கள். எனக்கும் பதில் தெரியவில்லை. என்ன நோய் என்று தெரியாதவள் எந்த மருந்தைத் தேடுவாள்?

பிற்காலத்தில்தான் அந்த நோய்க்குப் பெயர் உண்டு என்று அறிந்தேன். அமெரிக்கச் சமூகவியலாளர் இவான் ஸ்டார்க் 2007 ஆம் ஆண்டில் இதைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். அடி உதை இல்லாமலே ஒருவருடைய போக்கு வரவு, பணம், நட்பு, உடை, உறக்கம் ஆகியவற்றைக் கைக்குள் வைத்து, அவருடைய சுதந்திரத்தைச் சிறிது சிறிதாகப் பறிப்பதை அவர் அதில் விளக்கினார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015 ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய நடத்தையைக் குற்றமாக்கியது.

இது மேல்நாட்டு நோய், நம்மவரிடம் இல்லை என்று எவரும் சொல்லவேண்டாம். சென்னையில் பிறந்த எழுத்தாளர் மீனா கந்தசாமி, தம் மணவாழ்வில் பட்ட துன்பத்தைப் பின்னணியாகக் கொண்டு ஆங்கிலத்தில் எழுதிய நாவல் 2017 இல் வெளிவந்தது. படித்த பெண்ணொருத்தியின் முகநூல் கணக்கு மூடப்படுவதையும், மின்னஞ்சல்கள் கணவன் கைக்குப் போவதையும், அதன் பின்னரே அடி தொடங்குவதையும் அதில் காண்கிறோம். நமது நாட்டில் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2019 இல் நடத்திய ஆய்வின்படி, மணவாழ்வில் அல்லது துணையோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் தம் துணைவரால் உடல்ரீதியான அல்லது பாலியல்ரீதியான வன்முறைக்கு உட்பட்டிருக்கிறார். என்னைப்போல் அடிபடாமல் அடங்கிக் கிடந்தவர்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை.

இனி, நான் மீண்ட கதைக்கு வருகிறேன்.

ஏழாம் ஆண்டில் தாய்வீட்டுக்குத் திரும்பினேன். வந்தவுடன் சுகமாகிவிடும் என்று எல்லோரும் எண்ணினார்கள். அப்படி நடக்கவில்லை. அம்மாவின் வீட்டு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. இரவில் உறக்கமில்லை. ஒரு நாள் துணிந்து ஜம்பட்டா வீதி வரை நடந்தேன். பாதி வழியில் என்னை அறியாமலே கை மணிக்கூட்டைப் பார்த்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. திரும்பி வீட்டுக்கு ஓடிவந்து கதவைப் பூட்டிக்கொண்டேன். வீட்டிலே என்னை விசாரிக்க யாருமில்லை. ஆனாலும் என் கால்களுக்கு அது தெரியவில்லை.

இதைக் கேள்வியுற்ற பழைய வலைப்பந்தாட்டத் தோழி ஒருத்தி, மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு வாசலில் வந்து நின்றாள். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. அறிவுரையும் சொல்லவில்லை. "நீ சொல்லு, இண்டைக்கு எந்தப் பக்கம் போவம்?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். எந்தப் பக்கம் போக உனக்கு விருப்பம் என்று ஏழு ஆண்டுகளாக எவரும் என்னைக் கேட்டதில்லை! அவள் பேசாமல் பக்கத்தில் இருந்தாள். பிறகு, "விவேகானந்தா மேட்டுப் பக்கம்" என்றேன். அன்று நடந்தது பத்து நிமிடந்தான். ஆனால் அந்தப் பத்து நிமிடமும் என்னுடையது.

சபையோரே, நான் சொல்ல வந்த விடயம் இதுதான். அடக்கியாளும் உறவு முதலில் நம் காலைத்தான் கட்டுகிறது. மனம் பின்னர் தானே அடங்குகிறது. ஆகவே மீளும்போதும் கால்கள் முன்னே போகலாம். மனம் பின்னால் வரும். ஆனால் அந்தக் கால்கள் தம் விருப்பப்படி நடக்கவேண்டும். "எழும்பு, ஓடு, இப்படிச் செய்" என்று இன்னொருவர் அதட்டினால், எசமான் மாறினாரேயன்றி அடிமைத்தனம் மாறவில்லை.

இதற்குச் சான்றும் உண்டு. நெடுநாள் மன அதிர்ச்சியால் வருந்தி, சிகிச்சையால் போதிய பயன் பெறாத 64 பெண்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2014 இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு வாரம் ஒரு மணி நேரம், பத்து வாரம் யோகாசனம் பயிற்றினார்கள். மற்றவர்களுக்குச் சுகாதார வகுப்பு நடத்தினார்கள். முடிவில் யோகாசனம் செய்த 31 பேரில் 16 பேர் அந்த நோய்க்குரிய வரையறையைக் கடந்துவிட்டனர். மற்றப் பகுதியில் 29 பேரில் ஆறு பேரே கடந்தனர். அவ்வகைப் பயிற்சியில் ஆசிரியர் கட்டளையிடுவதில்லை. "விரும்பினால் கையை உயர்த்தலாம், விரும்பினால் நிறுத்தலாம்" என்று அழைப்பாகவே சொல்வார். என் தோழி எந்த ஆய்வையும் படித்தவளல்லள். ஆயினும் அவள் செய்ததும் அதுவே.

இந்நிலையிலுள்ள சகோதரிகளுக்கு அனுபவத்தால் அறிந்த சில குறிப்புகள் சொல்வேன். நீண்ட காலம் பயந்து வாழ்ந்த உடலுக்கு, ஓடும்போது உண்டாகும் நெஞ்சுத் துடிப்பும் அச்சத்தின் துடிப்பும் ஒன்றுபோலவே தோன்றும். அப்போது பயந்து பயிற்சியைக் கைவிடவேண்டாம். நடையைத் தளர்த்துங்கள், நின்று, மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள், வீதியிலுள்ள மரத்தையும் கடையையும் பாருங்கள். இது பயிற்சியால் வந்த துடிப்பு என்று உடல் மெல்ல மெல்லக் கற்றுக்கொள்ளும். நெஞ்சுவலியோ மயக்கமோ இருந்தால் முதலில் வைத்தியரைக் காணுங்கள். வளர்ந்தோர்க்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 இல் கூறியது. அந்த எண்ணைக் கண்டு மலைக்கவேண்டாம். சிறிதளவும் செய்யாதிருப்பதிலும் மேலானது என்று அதே நிறுவனம் சொல்கிறது. நான் பத்து நிமிடத்தில் தொடங்கி, அரை மணி நேரம் நடக்க நான்கு மாதம் எடுத்தேன். காலிமுகத் திடலில் மூச்சு வாங்காமல் ஓட ஓராண்டுக்கு மேல் சென்றது.

பயிற்சி ஒன்றே எல்லாவற்றையும் தீர்க்கும் என்று நான் சொல்லவில்லை. உளவள ஆலோசகரிடமும் சென்றேன், சட்டத்தையும் அறிந்துகொண்டேன். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் கடுமையான மனத் துன்புறுத்தலையும் வன்முறையாகக் கொள்கிறது. நீதவான் நீதிமன்றம் பன்னிரண்டு மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை வழங்கலாம். 1987 இல் கொழும்பில் தொடங்கிய ‘விமன் இன் நீட்’ என்ற அமைப்பு இத்தகைய பெண்களுக்கு உதவி வருகிறது. 1938 என்பது அரசாங்கத்தின் மகளிர் உதவித் தொலைபேசி இலக்கம். இன்னும் அவ்வீட்டிலேயே இருப்பவர்கள் ஆத்திரத்தில் திடீரென்று புறப்படவேண்டாம். பிரிந்து செல்லும் வேளையே ஆபத்து மிகுந்த வேளை. நம்பிக்கையான ஒருவரோடு ஆலோசித்து வழி செய்துகொள்ளுங்கள்.

இளைஞர்களே! சுவாமி விவேகானந்தர் 1897 ஜனவரியில் நமது கொழும்பில் வந்திறங்கினார். அதே பயணத்தில் சென்னையில் பேசும்போது, இளைஞர்க்கு முதலில் உடல் வலிமை வேண்டும் என்றும், கால்பந்தாட்டம் ஆடவேண்டும் என்றும் வற்புறுத்தினார். இளைஞர் என்றதில் இளம் பெண்களும் அடங்குவர் என்றே நான் கொள்கிறேன். நாளை நீங்கள் கணவராவீர்கள். "எங்கே போகிறாய்?" என்று கேட்கலாம், அது அக்கறை. போகாமல் தடுப்பதும், நிமிடத்தை எண்ணுவதும் அக்கறையல்ல. இந்த வேறுபாட்டைத் திருமணத்திற்கு முன்பே அறிந்துகொள்ளுங்கள். பெண்ணின் கையிலும் இவ்வாறு அகப்பட்டு, வெளியே சொல்ல வெட்கப்படும் ஆண்கள் உண்டு. அவர்களுக்கும் நான் கூறிய அனைத்தும் பொருந்தும்.

பெரியோர்களே! நான் மறுபடியும் சப்பாத்து அணிந்து வீதியில் இறங்கியபோது, "புருஷனை விட்டிட்டு வந்தவள் ஓடித் திரிகிறாள்" என்று எங்கள் தெருவில் பேசினார்கள். அந்தச் சொல் என்னை மீண்டும் ஒரு மாதம் வீட்டுக்குள் இருத்தியது. வெளியே வர எனக்குத் துணை நின்றவர் என் அம்மா. "பிள்ளை, நானும் வாறன்" என்று எழுபது வயதில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு என்னோடு நடந்தார். அதன் பின் தெரு வாயை மூடிக்கொண்டது. உங்கள் ஒரு சொல்லால் ஒரு பெண்ணின் கதவு பூட்டவும் கூடும், திறக்கவும் கூடும் என்பதை மறவாதீர்கள்.

இறுதியாக, நமது சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். சனிக்கிழமை காலையில் கொட்டாஞ்சேனையில் ஒன்றும் வெள்ளவத்தையில் ஒன்றுமாக மகளிர் நடைக் குழுக்களைத் தொடங்குவோம். வந்தவரிடம் ஏன் வந்தீர் என்று விசாரிக்கவேண்டாம். வராதவரிடம் ஏன் வரவில்லை என்று கணக்குக் கேட்கவும் வேண்டாம். வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்டால் போதும்: "இண்டைக்கு எந்தப் பக்கம் போவம்?"