மானியச் சீர்திருத்தமும் ஊராட்சிச் செயலரும்

(திருவண்ணாமலையில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பது நம் முன்னோர் வாக்கு. ஊராட்சியைப் பொறுத்தமட்டில் இன்று நிலைமை சற்றே மாறிவிட்டது. ஏட்டில் ஏறாத சுரைக்காயும் கறிக்கு உதவுவதில்லை. ஊரில் குழாய் பதித்திருக்கலாம். கழிவுநீர்க் கால்வாய் கட்டியிருக்கலாம். அதன் கணக்கு உரிய காலத்தில் பதியப்படாவிடின், அடுத்த மானியம் ஊர் எல்லையை மிதிப்பதில்லை. ஆதலின், அக்கணக்கை எழுதும் ஊராட்சிச் செயலரின் பணியைக் குறித்து இன்று சிறிது சிந்திப்போம்.

மானியம் என்பது நமக்குப் புதியதன்று. 1958ஆம் ஆண்டின் சென்னை ஊராட்சிச் சட்டத்தின்கீழ், ஊரார் செலுத்தும் வீட்டு வரிக்கு இணையாக அரசும் மானியம் வழங்கிற்று. வரி வசூலித்த ஊருக்கு மானியம். வசூலிக்காத ஊருக்கு இல்லை. அந்நாளில் கணக்கர் செய்யவேண்டியது, வரி ரசீதுப் புத்தகத்தையும் ரொக்கப் புத்தகத்தையும் ஒழுங்காக வைத்திருப்பதே. ஊரின் முயற்சியே மானியத்திற்கு அளவுகோலாக இருந்தது.

1993ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வேறொரு வாயிலைத் திறந்தது. அதன்பின் மத்திய நிதிக்குழுக்கள் ஊராட்சிகளுக்கும் மானியம் பரிந்துரைக்கலாயின. 2015 முதல் 2020 வரையிலான காலத்துக்குப் பதினான்காவது நிதிக்குழு பரிந்துரைத்த மானியம் கிராம ஊராட்சிகளுக்கே உரியதாயிருந்தது. பதினைந்தாவது நிதிக்குழுவோ, கிராமம், ஒன்றியம், மாவட்டம் என்னும் மூன்று அடுக்குக்கும் பங்கு வைத்தது. 2021–22 முதல் 2025–26 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு நாடெங்குமுள்ள ஊரக உள்ளாட்சிகளுக்கு அது பரிந்துரைத்த தொகை 2,36,805 கோடி ரூபாய்.

தொகை பெரிது, நிபந்தனைகளும் பல. நூற்றுக்கு அறுபது பங்கு குறித்த வேலைகளுக்கென்றே கட்டப்பட்டது. அதில் பாதி சுகாதாரத்துக்கு. மறுபாதி குடிதண்ணீர், மழைநீர்ச் சேகரிப்பு, நீர் மறுபயன்பாடு ஆகியவற்றுக்கு. எஞ்சிய நாற்பது பங்கை ஊரின் பிற தேவைகளுக்குச் செலவிட இடமிருந்தது. ஆனால் சம்பளத்துக்கும் நிருவாகச் செலவுக்கும் தொடலாகாது என்றிருந்தது. ஓர் ஊராட்சிக்குப் பத்து லட்சம் ரூபாய் வந்ததாகக் கொள்வோம். மூன்று லட்சம் சுகாதாரத்துக்கு, மூன்று லட்சம் நீருக்கு, நான்கு லட்சம் மற்றவற்றுக்கு. சுகாதாரத் தேவை முழுவதும் நிறைவேறிவிட்ட ஊர் அப்பங்கை நீருக்குத் திருப்பிக்கொள்ளவும் வழி இருந்தது. இவ்வளவு நுட்பங்களையும் அறிந்து தலைவருக்கும் உறுப்பினருக்கும் எடுத்துரைக்க வேண்டியவர் யார்? செயலரே.

அடுத்து, கணக்கைப் பற்றிய நிபந்தனையைப் பார்ப்போம். முந்தைய ஆண்டின் தற்காலிகக் கணக்கும், அதற்கு முந்தைய ஆண்டின் தணிக்கை முடிந்த கணக்கும் பொதுமக்கள் காணும்படி இணையத்தில் இருத்தல் வேண்டும். முதல் இரண்டாண்டுகளில் ஒரு மாநிலத்தில் நாலில் ஒரு பங்கு உள்ளாட்சிகள் இதை நிறைவேற்றினால் போதுமென்று சலுகை அளிக்கப்பட்டது. 2023–24 முதல் அச்சலுகை நீங்கியது. எந்தெந்த உள்ளாட்சிகளின் கணக்குகள் இரண்டும் உள்ளனவோ, அவற்றுக்குரிய தொகையே மாநிலத்துக்குக் கிடைக்கும் என்றாயிற்று. அண்டை ஊரார் ஒழுங்காய் இருந்ததால் நம் ஊரும் பிழைத்தது என்ற காலம் அத்துடன் முடிந்தது.

2020ஆம் ஆண்டு ஏப்ரலில் வந்த 'இ-கிராம் ஸ்வராஜ்' என்னும் கணினி முறையில் திட்டம், வேலை, செலவு யாவும் பதியப்படுகின்றன. காசோலைக்குப் பதிலாக மின்னணுக் கையொப்பம் வந்தது. இதனால் நன்மை இல்லையென்று நாம் சொல்லவில்லை. எந்த விவசாயியும் தன் ஊரின் வரவு செலவைத் தன் கைப்பேசியிலேயே பார்க்க முடிகிறது. மாநில அரசுக்கு வந்த தொகை பத்து வேலைநாட்களுக்குள் ஊராட்சிக்குச் சேரவேண்டும், தாமதித்தால் வட்டியும் சேர்த்துத் தரவேண்டும் என்ற விதியும் ஊருக்கு அனுகூலமானதே.

ஆயினும் பாரம் எங்கே விழுந்தது என்பதையும் பார்த்தல் வேண்டும். முன்னர் எழுத்தராகவும் உதவியாளராகவும் இருந்தவரே இன்று செயலர். வரி வசூல், தெருவிளக்கு, நீரேற்றும் மோட்டார், கிராம சபை, நூறுநாள் வேலை ஆகியவற்றோடு இக்கணினிப் பதிவும் அவர் தலையில் ஏறியது. பணி பெருகிற்று, கைகள் பெருகவில்லை. மானியத்திலிருந்து ஆள் வைத்துக்கொள்ளவும் இடமில்லை. ஜவ்வாது மலைமேல் உள்ள ஓர் ஊராட்சியின் செயலர், ஒரு பதிவை முடிப்பதற்காக நாளெல்லாம் ஒன்றிய அலுவலகத்தில் காத்திருப்பாராயின், அன்று ஊரில் உடைந்த குழாயைக் கவனிப்பவர் யார்? ஊரை அறிந்த ஆலோசகர் வெறும் பதிவெழுத்தராகிவிடுவாரோ என்பதே நம் அச்சம்.

இன்னொன்றையும் நினைவூட்டுவோம். 2016 அக்டோபரில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, 2019 டிசம்பர் வரை தேர்தல் நடைபெறவில்லை. அத்தேர்தலில் இம்மாவட்டத்தின் 18 ஒன்றியங்களிலும் 860 கிராம ஊராட்சிகளுக்கு வாக்களித்தோம். 2025 ஜனவரியில் அப்பதவிக்காலமும் முடியவே மறுபடியும் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத காலத்தில் நிதிக்குழு மானியம் தடைப்படும். ஆனால் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்றுவதை நிறுத்த முடியுமா? அத்தகைய காலத்தில் ஊருக்கும் அலுவலகத்துக்கும் இடையே தொடர்ந்து நின்றவர் செயலரே. ஆகையால் அவர் எழுதும் கணக்கு ஊரின் நினைவாகவும் இருக்கிறது.

எனவே நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, ஊராட்சிப் பொறுப்பில் இருந்தவர்களும் இனி வரப்போகிறவர்களும் கணக்கைச் செயலரிடம் விட்டுவிட்டு ஒதுங்கலாகாது. மாதம் ஒருமுறையேனும் ரொக்கப் புத்தகத்தையும் கணினிப் பதிவையும் ஒப்புநோக்குதல் வேண்டும். இரண்டாவது, விவசாயிகள் கிராம சபைக்கு வந்து, எந்தப் பங்கில் எவ்வளவு மீதம் என்று கேட்டல் வேண்டும். குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்தநாள், உள்ளாட்சி நாள் என ஆண்டுக்கு ஆறு வாய்ப்புகள் உள்ளன. ஏரிக்கரையும் வரத்துக்கால்வாயும் எந்நிலையில் உள்ளன என்பதை உழுபவரன்றி வேறு யார் அறிவார்? அவ்வறிவு திட்டத்தில் ஏறினால்தான் மானியம் பயன்தரும்.

மூன்றாவது, அரசுக்கு நம் பணிவான வேண்டுகோள். நிபந்தனை விதிக்கும்போது அதை நிறைவேற்றும் கைகளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சிறிய ஊராட்சிகள் சில சேர்ந்து ஒரு கணக்கு உதவியாளரைப் பகிர்ந்துகொள்ள வழி செய்யலாம். புதிய விதி வரும்போதெல்லாம் செயலர்களுக்கு ஒன்றியத்திலேயே பயிற்சியும் அளிக்கலாம்.

நீர் பாய்ச்சுபவன் மடையை மட்டும் பார்த்திருந்தால் போதாது. கடைவயலில் நீர் சேர்ந்ததா என்றும் பார்த்தல் வேண்டும். மானியத்துக்குச் செயலரே மடை. மடை அடைபடாமல் காப்பது அவர் ஒருவரின் கடமையன்று. ஊரார் அனைவரின் கடமையும் ஆகும்.