பள்ளியை ஒப்படைக்கலாம், பொறுப்பை ஒப்படைக்கலாகாது
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, ரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரிபவன் நான். கல்வியைப் பற்றிப் பேச எனக்கென்ன தகுதி எனத் தாங்கள் வினவலாம். பிள்ளையை அரசுப் பள்ளிக்கு அனுப்பும் தந்தை என்னும் தகுதி போதும் என நினைக்கிறேன்.

"அரசுப் பள்ளிகளில் படிப்புப் போதாது, வெளி நிறுவனங்களிடம் ஒப்படைத்தால் சீர்ப்படும்" என்று நம்மவர் சிலர் கூறுகின்றனர். இதனைச் சற்று ஆராய்வோம்.

ஆப்பிரிக்காவிலுள்ள லைபீரியா 2016 ஆம் ஆண்டில் இதைச் செய்து பார்த்தது. 93 அரசுப் பள்ளிகளை எட்டு நிறுவனங்கள் ஏற்று நடத்தின. பிள்ளைகளிடம் கட்டணம் பெறவில்லை. ஓராண்டிற்குப் பின் சோதித்தபோது, மற்ற அரசுப் பள்ளிப் பிள்ளைகளைவிட இவர்கள் ஆங்கிலத்திலும் கணக்கிலும் முன்னேறியிருந்தனர். ஆசிரியர் வருகையும் உயர்ந்தது. இது மறுக்கவொண்ணாத நன்மை.

ஆயினும் மற்றதையும் கேளுங்கள். வகுப்பிற்கு இத்தனை பேரே என வரம்பிட்டு, மிகுந்த பிள்ளைகளைச் சில பள்ளிகள் வெளியேற்றின. ஒரு நிறுவனம் பழைய ஆசிரியர்களுள் பெரும்பாலோரை அகற்றியது. சில நிறுவனங்கள் அரசு வகுத்த தொகைக்கு மேல் பன்மடங்கு செலவிட்டன. வெளியேற்றப்பட்ட பிள்ளைக்கு யார் பொறுப்பு? அந்தக் கேள்விதான் நம்மை உறுத்த வேண்டும்.

என் தொழிலிலிருந்தே ஓர் உவமை கூறுவேன். பார்சல் மூட்டையை ஏற்றி இறக்குபவர் ஒப்பந்தக்காரராக இருக்கலாம். ரசீது தந்தது ரயில்வே. மூட்டை காணாமற்போனால் ரயில்வேயே விடை கூற வேண்டும். பள்ளியை எவர் நடத்தினும், ஒவ்வொரு பிள்ளைக்கும் விடை கூற வேண்டியது அரசே.

வெளியார் துணை நமக்குப் புதிதன்று. பெருந்தலைவர் காமராசர் முதலமைச்சராகவும், திரு. நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் விளங்கிய நாளில், 1958 ஆம் ஆண்டில் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு தொடங்கிற்று. பின்னர் அது ஊர்தோறும் பரவிற்று. கட்டடம், பலகை, சீருடை எனப் பொதுமக்கள் வழங்கினர். பள்ளியோ அரசின் பொறுப்பிலேயே நின்றது. எந்தப் பிள்ளையும் விலக்கப்படவில்லை.

எனவே, நம் பகுதிப் பள்ளிக்கு உதவ எந்நிறுவனம் முன்வரினும் வரவேற்போம். ஆனால் மூன்று உறுதிகள் கேட்போம்: ஒரு பிள்ளையையும் வெளியே அனுப்பலாகாது, வரவு செலவைப் பெற்றோர்முன் வைக்க வேண்டும், ஒப்பந்தம் முடிந்து அவர்கள் சென்றபின் பள்ளியை நடத்தும் ஆற்றல் நம் ஆசிரியர்களிடம் தங்க வேண்டும்.

இவற்றைக் கேட்கும் இடமும் நமக்குண்டு. கர்நாடகத்தில் 2001 முதல் பள்ளி வளர்ச்சி மேற்பார்வைக் குழுக்கள் இயங்குகின்றன. 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், அத்தகைய குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. தாய்மார்களே, அந்த இருக்கை தங்களுக்குரியது. பயிற்றுமொழி கன்னடமாயினும் தமிழாயினும் பிள்ளைகள் நம்முடையவர்களே. அடுத்த கூட்டத்திற்கு அவசியம் செல்லுங்கள்.