தாகமுள்ள தொண்டை

(தவக்காலம் 3ஆம் ஞாயிறு – முதல் ஆண்டு. வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



இன்றைய வாசகங்களில் தண்ணீர் கேட்கும் குரல் இருமுறை ஒலிக்கிறது. பாலைநிலத்தில் இஸ்ரயேல் மக்கள் தண்ணீர் கேட்டு மோசேயிடம் முறுமுறுக்கிறார்கள். சிக்கார் ஊர்க் கிணற்றருகே, நண்பகல் வெயிலில், பயணக் களைப்போடு அமர்ந்திருக்கும் இயேசு ஒரு சமாரியப் பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். தாகம் எடுத்தால் நமக்கு முதலில் வறண்டு போவது தொண்டை. அந்தத் தொண்டையைக் குறிக்கும் ஒரு சொல்லைப் பற்றி இன்று சிந்திப்போம்.

பழைய ஏற்பாட்டின் எபிரேய மூலத்தில் ‘நெஃபெஷ்’ என்ற சொல் 700 தடவைக்கு மேல் வருகிறது. இதைக் கிரேக்கத்தில் பெரும்பாலும் ‘ப்சூக்கே’ என்றும், இலத்தீனில் ‘அனிமா’ என்றும் மொழிபெயர்த்தார்கள். தமிழில் ஆன்மா என்கிறோம், உயிர் என்கிறோம். ஆனால் அச்சொல்லின் அடிப்படைப் பொருள்களில் ஒன்று தொண்டை. எபிரேயத்தின் உறவு மொழிகளான அக்காதியத்திலும் உகாரித்தியத்திலும் இதே வேரிலிருந்து பிறந்த சொல் தொண்டையையும் உயிரையும் சேர்த்தே குறிக்கிறது.

எசாயா 5:14இல் பாதாளம் தன் நெஃபெஷை அகலமாக்கி, வாயைப் பிளந்து நிற்கிறது. அங்கே ஆன்மா என்று பொருள் கொள்ள முடியுமா? விழுங்கக் காத்திருக்கும் தொண்டை அது. திருப்பாடல் 69இன் தொடக்கத்தில் வெள்ளம் நெஃபெஷ் வரை ஏறிவிட்டதாகப் பாடலாசிரியர் கதறுகிறார். மூழ்குகிறவனுக்குத் தண்ணீர் கழுத்து வரைதானே ஏறும்! மீனின் வயிற்றிலிருந்து மன்றாடும் யோனாவும் இதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்.

மூச்சு போய்வரும் வழி தொண்டை. உணவும் நீரும் இறங்கும் வழியும் அதுவே. அதை அடைத்தால் சில நிமிடங்களில் மனிதன் இல்லை. எனவே தொண்டையைக் குறித்த சொல் மூச்சையும், பசி தாகத்தையும், உயிரையும், முழு மனிதனையும் குறிக்கலாயிற்று. தொடக்க நூல் 2:7இல் கடவுள் மண்ணில் உயிர்மூச்சை ஊதியபோது மனிதன் உயிருள்ள நெஃபெஷ் ஆனான்.

நம் தமிழுக்கும் இது புதிதல்ல. ‘உயிர்த்தல்’ என்றால் மூச்சுவிடுதல் என்று பழைய பொருள். பெருமூச்சுக்கு ‘நெட்டுயிர்ப்பு’ என்று பெயர். இறக்கும் தறுவாயில் இருப்பவரைப் பார்த்து, ‘உயிர் தொண்டைக்குழியில் நிற்கிறது’ என்கிறோம். அவருக்கு வழியுணவாக நற்கருணையின் சிறு துணுக்கையும் அதோடு ஒரு கரண்டித் தண்ணீரையும் கொடுக்கும்போது, அது இறங்குமா என்று வீட்டார் எல்லாரும் அந்தத் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பதை நாம் அறிவோம். மீட்பு அவ்வளவு அருகில், அவ்வளவு சதையோடு வருகிறது.

அன்பார்ந்தவர்களே, ஆன்மா அழியாதது என்பது நம் திருஅவையின் போதனை. அதே ஆன்மாவைக் குறிக்க விவிலியம் தாகமெடுக்கும் உறுப்பின் பெயரைப் பயன்படுத்துகிறது. கடவுள்மேல் தாகம் கொண்டதாகத் திருப்பாடல் 42 சொல்வதும் இந்த நெஃபெஷைத்தான். ‘எனக்கு எதுவும் தேவையில்லை’ என்று சொல்லும் ஆன்மா விவிலியத்தில் இல்லை. தேவை உள்ளவராக இருப்பது பாவமல்ல. அப்படித்தான் நாம் படைக்கப்பட்டிருக்கிறோம்.

ஓய்வுநாள் சட்டத்தையும் பாருங்கள். அடிமைப் பெண்ணின் பிள்ளையும் அந்நியரும் சற்று மூச்சுவிடட்டும் என்பதற்காகவும் அந்த நாள் தரப்பட்டது என்கிறது விடுதலைப் பயணம் 23:12. மூல மொழியில் இந்த வினைச்சொல்லும் நெஃபெஷ் என்ற வேரைச் சேர்ந்ததே. அப்படியானால் நம் ஞாயிறு நமக்கு மட்டும் ஓய்வாக இருந்தால் போதுமா? நம் வீட்டில் பாத்திரம் துலக்குகிறவர் மூச்சுவிடுவது எந்த நாளில்?

மீண்டும் கிணற்றருகே வருவோம். இயேசுவிடம் நீர் இறைக்க எதுவும் இல்லை என்பதை அந்தப் பெண்ணே சுட்டிக்காட்டுகிறார். அவர் குடிக்க வேண்டுமானால் அந்தப் பெண்ணின் குடத்துத் தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும். யூதர் சமாரியரோடு பழகாத காலம் அது. தெரிந்தேதான் கேட்கிறார். வாழ்வளிக்கும் தண்ணீரைத் தரவந்தவர் முதலில் தன் வறண்ட தொண்டையைக் காட்டுகிறார். சிலுவையிலும் தாகம் என்று சொல்லத் தயங்கவில்லை.

நம் ஊர்களிலும் தனிக் குவளை வைத்த கடைகள் இருந்தன. இன்றும் சில வீடுகளில், வேலைக்கு வருபவருக்கென்று தனி டம்ளர் கொல்லைப்புறத்தில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அந்த வீட்டுச் சுவரில் இயேசுவின் திரு இருதயப் படமும் இருக்கலாம். தொண்டைக்குச் சாதி உண்டா? தாகத்துக்குத் தீட்டு உண்டா? அந்த டம்ளரை நம் டம்ளர்களோடு சேர்த்து வைப்பதும், அவர் குடித்ததில் நாமும் குடிப்பதும் இந்தத் தவக்காலத்தில் நாம் செய்யக்கூடிய உண்மையான நோன்பு.

மன்றாடுவோம்: ஆண்டவரே, எங்கள் வறண்ட தொண்டையை நீர் அறிவீர். பிறருடைய தாகத்தை நாங்களும் அறியச் செய்தருளும். ஆமென்.