உடனுறையும் ஆண்டவர்

மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்திலே, பிறக்கவிருக்கும் குழந்தைக்கு 'இம்மானுவேல்' என்னும் பெயர் கூறப்படுகின்றது. 'கடவுள் எம்மோடு' என்பது அந்த எபிரேயப் பெயரின் பொருள். அதே சுவிசேஷத்தின் இறுதியிலே, உயிர்த்தெழுந்த இயேசு கலிலேயாவின் மலையொன்றிலே தம் சீடரைச் சந்தித்து, உலகம் முடியும்வரை எந்நாளும் அவர்களுடன் இருப்பதாக வாக்களிக்கின்றார். பின்னர் அவர் விண்ணேகினார் என்பது கிறிஸ்தவ விசுவாசம். கண்ணுக்கு மறைந்த ஒருவர் உடனிருப்பது எங்ஙனம்?

பரிசுத்த ஆவியானவராலே அவர் உடனுறைகின்றார் என்று திருச்சபை விடை கூறுகின்றது. அவரைச் சந்திக்கத்தக்க இடங்களாகச் சுவிசேஷங்கள் சிலவற்றைச் சுட்டுகின்றன. இரண்டு மூன்று பேர் அவர் பெயரால் கூடுமிடம் ஒன்று. அப்பம் பிட்கப்படும் திருப்பந்தி மற்றொன்று. எம்மாவு என்னும் ஊரிலே இரு சீடர் தம்முடன் வழிநடந்து வந்தவரை அறிந்துகொண்டது அவர் அப்பத்தைப் பிட்டபோதே என்று லூக்கா எழுதியிருக்கின்றார். பசித்தோர், நோயுற்றோர், சிறைப்பட்டோர் ஆகியோர் மூன்றாவது இடம். அவர்களுக்குச் செய்வது தமக்கே செய்ததாகும் என்று இயேசு போதித்தார்.

இவ்விசுவாசம் கடுஞ்சோதனைக்கு உள்ளான வரலாறொன்று இலங்கையிலேயே உண்டு.

1658 ஆம் ஆண்டிலே மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருமார் நாட்டைவிட்டு அகற்றப்பட்டனர். அவர்களுக்குப் புகலிடம் கொடுப்போருக்கு மரணதண்டனை என்று கட்டளை பிறந்தது. கோவில்கள் சீர்திருத்தச் சபையின் வசமாயின. அச்சபையாரும் அதே ஆண்டவரை வழிபட்டவர்களே, அதே வாக்குறுதியை நம்பியவர்களே. ஆயினும் திருப்பந்தியில் அவர் எவ்வாறு பிரசன்னமாகின்றார் என்பதிலே இரு சாராரும் வேறுபட்டனர். அப்பமும் இரசமும் மெய்யாகவே கிறிஸ்துவின் உடலும் இரத்தமும் ஆகின்றன என்பது கத்தோலிக்கர் கொள்கை. குருவானவர் இல்லையேல் பூசையில்லை. பூசையில்லையேல் அந்தப் பிரசன்னமும் இல்லை.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் யாழ்ப்பாணக் கத்தோலிக்கர் தம்மிடையே நிலையாகத் தங்கும் குருவின்றி வாழ்ந்தனர். எஞ்சியவை சிலவே. அவசரவேளையிலே எவரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று அவர்களது சபை அனுமதித்திருந்தது. செபங்கள் மனனமாயிருந்தன. செபமாலை கையிலிருந்தது. வீட்டுக்குள்ளே இரண்டு மூன்று பேர் கூடுவதற்கும் தடையில்லாத இரவுகள் கிடைத்தன. ஆண்டவர் தம்மைக் கைவிட்டுவிட்டார் என்று எண்ணுவதற்கு எல்லா நியாயமும் இருந்தன. எனினும் அவர்களிற் பலர் அவ்வாறு எண்ணவில்லை என்பதற்குப் பின் நிகழ்ந்தவையே சான்று.

1687 ஆம் ஆண்டிலே, கோவாவில் 1651 இற் பிறந்த யோசேவாஸ் அடிகளார், தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து யாழ்ப்பாணம் வந்துசேர்ந்தார். குருவென்று காட்டும் அடையாளம் எதுவுமின்றி ஏழை போல வந்த அவர், கடும் நோயுற்றுத் தளர்ந்திருந்தார். நலமடைந்தபின் கழுத்திலே செபமாலையை அணிந்து வீடுவீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். அம்மாலையைக் கண்டு யார் முகம் மலர்கின்றது என்று கவனிப்பதே அவர் கையாண்ட வழி. முகங்கள் மலர்ந்தன. சில்லாலை அவரது மறைவிடமாயிற்று. இரவிலே வீடுகளிற் பூசை நடைபெற்றது.

கூடியிருப்போரிடையே ஆண்டவர் ஏற்கெனவே இருக்கின்றார் எனின், உயிரைப் பணயம் வைத்து ஒரு குரு வரவேண்டியதென்ன என்ற வினா எழலாம். இப்பிரசன்னம் மனத்துக்கு ஆறுதல் தருவதுடன் நிற்பதன்று என்பதே அதற்கு விடை. உடனிருப்பவரை மேலும் நெருங்கவேண்டும் என்னும் தாகத்தை அது எழுப்புகின்றது. கிடைத்தது போதும் என்று அம்மக்கள் அமைந்திருந்தால், பிச்சைக்காரர் ஒருவருக்குக் கதவு திறந்து தம் உயிருக்கு இடர் தேடியிருக்கமாட்டார்கள். 1689 ஆம் ஆண்டு நத்தார்க் காலத்திலே யாழ்ப்பாணத்தில் வழிபாட்டுக்குக் கூடியிருந்தோர் பெருந்தொகையினராகக் கைதுசெய்யப்பட்டனர். சிலர் கசையடிக்கும் கடுஞ்சிறைக்கும் உள்ளாயினர். அடிகளார் அகப்படவில்லை. தண்டனையை ஏற்றவர்கள் அவருக்கு இடமளித்த இல்லறத்தாரே.

பின்னர் அவர் புத்தளம் வழியாகக் கண்டி இராச்சியத்துக்குச் சென்றார். 1692 இலே வேற்றுநாட்டு ஒற்றர் என ஐயுறப்பட்டுச் சிறைவைக்கப்பட்டார். காலப்போக்கிலே பௌத்த மன்னனாகிய இரண்டாம் விமலதர்மசூரியனின் நன்மதிப்பைப் பெற்றார். 1697 இற் கண்டியிலே பெரியம்மை பரவியது. உறவினரும் அஞ்சி நோயாளரைக் கைவிட்டபோது, அடிகளார் அவர்களைத் தேடிச் சென்று உணவூட்டினார், புண்களைக் கழுவினார், இறந்தோரை அடக்கஞ்செய்தார். அவர்கள் எச்சமயத்தவர் என்று அவர் பார்க்கவில்லை. சுவிசேஷம் சுட்டிய மூன்றாவது இடத்திலே அவர் தம் ஆண்டவரைக் கண்டார் என்று கிறிஸ்தவர் இச்செயலுக்குப் பொருள் கொள்வர்.

அடிகளார் 1711 ஆம் ஆண்டு ஜனவரி 16 ஆம் திகதி கண்டியிலே காலமானார். கரையோரத்திலே கத்தோலிக்கர் மீதான சட்டத்தடைகள், ஆங்கிலேயர் ஆட்சியிலே 1806 இலேதான் நீக்கப்பட்டன. 2015 ஆம் ஆண்டு ஜனவரி 14 ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலிலே, பெருந்திரளான மக்கள் முன்னிலையில், பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார்.

அத்திடலிலே கூடிய திரளையும், சில்லாலையிலே விளக்கைத் தணித்துக் கூடிய சிலரையும் விசுவாசம் ஒரே அளவுகோலால் அளக்கின்றது. வாக்குறுதி கேட்ட எண்ணிக்கை இரண்டு அல்லது மூன்று மட்டுமே. கோவிலின் உயரமோ, அரசின் ஆதரவோ அதற்கு நிபந்தனையாக விதிக்கப்படவில்லை. ஆனால் கூடியபின், நோயுற்றவனின் வாசலுக்கும் அயலானின் துயருக்கும் அங்கிருந்து எழுந்து செல்லவேண்டும் என்பது அவ்வாக்குறுதியோடு சேர்ந்தே வந்த கட்டளை. யாழ்ப்பாணத்து இல்லங்களிலே அன்று கதவு திறந்தவர்கள் பெரும்பாலோரின் பெயர் வரலாற்றில் இல்லை. கடவுள் எம்மோடு என்னும் சொல்லை அவர்கள் நம்பினார்கள் என்பது மட்டும் நிலைத்திருக்கின்றது.