கை வலியாத வீச்சு

வெள்ளவத்தையிலே காலி வீதியை விட்டுக் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளுள் எதனூடு சென்றாலும், கரையோர வீதியையும் புகையிரதப் பாதையையும் கடந்தவுடன் பாறைகளும் அலைகளும் எதிர்ப்படும். கால்வாய் கடலொடு கலக்கும் இடத்தில் வீச்சுவலை வீசுவோரைக் காணலாம். நகரத்தின் வடபுறத்தே, கொட்டாஞ்சேனைக்கு அப்பால், களனி கங்கை கடலைச் சேரும் முகத்துவாரத்திலும் இதே காட்சிதான்.

அக்காட்சியைச் சற்றுநேரம் நின்று நோக்குபவர்க்கு ஒரு வியப்புத் தோன்றும். உடல் மெலிந்த முதியவர் ஒருவர் வீசும் வலை, முழுநிலவு போல் வட்டமாக விரிந்து நீரில் விழுகிறது. தோள் திரண்ட இளைஞர் ஒருவர் முழுவலிமையும் கூட்டி வீசும் வலையோ, பொதியாகச் சுருண்டு காலடியில் விழுகிறது. வலை ஒன்றே, கடலும் ஒன்றே. வேறுபாடு எங்கே உள்ளது?

முதியவர் வலையைக் கையால் வீசவில்லை, உடலால் வீசுகிறார். வலையின் விளிம்பிலே கோத்த ஈயக் குண்டுகளில் ஒரு பகுதியை ஒரு கையிலும், மறுபகுதியை மறு கையிலும் பங்கிட்டுக்கொண்டு, இடுப்பைப் பின்னே திருப்பி, மெல்லச் சுழன்று, உரிய கணத்தில் கையைத் தளர்த்துகிறார். சுழற்சியால் ஈயக் குண்டுகள் தாமே வெளிநோக்கி ஓடி வலையை விரிக்கின்றன. இளைஞரோ பிடியை இறுக்கி, தோளால் உந்துகிறார். விரிய வேண்டிய வலையை அவருடைய இறுகிய கையே தடுத்துவிடுகிறது.

இவ்வுண்மை வீச்சுவலைக்கு மட்டும் உரியதன்று. ஆழங்குறைந்த உப்புநீர்த் திடல்களில் நின்று, இறகும் நூலும் கொண்டு கட்டிய பொய்யிரையை எறிந்து மீன்பிடிக்கும் கலையொன்று உண்டு. ஆங்கிலத்தில் அந்தப் பொய்யிரையை 'ஃபிளை' என்பர். இலங்கையில் இக்கலை மலைநாட்டு ஓடைகளில்தான் வேரூன்றியது. ஆங்கிலத் தோட்டத்துரைமார் 1880களில் டிரவுட் மீனின் முட்டைகளைக் கொணர்ந்து நுவரெலியாப் பகுதியில் வளர்க்க முயன்றனர். 1896இல் அதற்கென ஒரு மீன்பிடிக் கழகமும் தோன்றியது. கடலிலே இக்கலை பஹாமாத் தீவுகள், புளோரிடா, சீஷெல்ஸ் முதலிய இடங்களில் சிறப்புற்றது. கொழும்பில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவாதலின், அத்தகைய அகன்ற திடல்கள் இங்கு இல்லை. ஆயினும் யாழ்ப்பாணத்துப் பரவைக்கடலிலும் புத்தளம் களப்பிலும் இடுப்பளவு நீரில் நடந்து மீன்பிடித்தவர்க்கு அந்தச் சூழல் புதியதன்று.

சாதாரணத் தூண்டிலில் ஈயத்தின் பாரமே நூலை இழுத்துச் செல்கிறது. பொய்யிரைத் தூண்டிலிலோ இரைக்குப் பாரமே இல்லை எனலாம். ஆகவே தடித்த நூலின் பாரமே இரையைச் சுமந்து செல்ல வேண்டும். உப்புநீர்த் திடல்களில் பெரிதும் பயன்படும் 8ஆம் இலக்க நூலின் முன்பகுதி 30 அடி. அதன் எடை 14 கிராமுக்கும் குறைவு. அஃதாவது, ஒரு மேசைக்கரண்டி தண்ணீரின் எடைக்கும் குறைவு. இவ்வளவு சிறு பாரத்தை எறிதற்குத் தோளின் வலிமை முழுவதும் எதற்கு?

எறியும் முறை இது. கோலை மெல்லத் தொடங்கி, படிப்படியாக விரைவு கூட்டி, பின் சட்டென நிறுத்த வேண்டும். நிறுத்திய கணத்திலே வளைந்த கோல் நிமிர்கிறது. நூல் கோலின் நுனியைக் கடந்து, கொண்டையூசி போன்ற வளையமாக மடிந்து முன்னே ஓடுகிறது. கோலின் நுனி நேர்கோட்டில் சென்றால் வளையம் ஒடுங்கும். ஒடுங்கிய வளையம் காற்றை ஊடுருவும். மணிக்கட்டை விசிறி போல் ஆட்டினாலோ நுனி வில்வளைவாகச் சென்று வளையம் அகன்றுவிடும். அகன்ற வளையம் காற்றிலே தளர்ந்து வீழும். தொடக்கத்திலேயே வெடுக்கென உந்தினால், நூல் தன்னைத்தானே குறுக்கிட்டு முடிச்சிடும். பலரும் அம்முடிச்சுக்குக் காற்றைக் குறை கூறுவர், குறை கையினுடையது.

வலிமையை வீணாக்கும் மற்றொரு பிழை அவசரம். நூல் பின்புறம் முழுதும் நீளும்வரை காத்திருத்தல் வேண்டும். நூல் நீளநீள, காத்திருப்பும் நீள வேண்டும். நீளுமுன் முன்னே உந்தினால், அந்த உந்தலின் பெரும்பகுதி தொய்வை இழுப்பதிலேயே கழியும். வீச்சுக் குறுகியதைக் கண்ட கை மேலும் வன்மையாக உந்தும். வீச்சு மேலும் குறுகும். திடலிலே கூரிய கண்ணுடைய மீன் எதிரே தோன்றும்போது பதற்றத்தால் இப்பிழை நேர்வது மிகுதி. வாய்ப்போ பெரும்பாலும் ஒருமுறைதான்.

அமெரிக்க ஆசிரியர் லெஃப்டி கிரே (1925-2018) இவ்வகையில் பெரிய மாற்றத்தை உண்டாக்கினார். கடிகார முகத்தைக் காட்டி, கையை இந்த மணிக்கும் அந்த மணிக்கும் இடையே மட்டும் அசைக்க வேண்டும் என்ற பழைய போதனையை அவர் ஏற்கவில்லை. முழங்கையைத் தாழ்த்தி, உடலைத் திருப்பி, கோலை நெடுந்தூரம் பின்னே கொண்டுசெல்லும்படி அவர் கற்பித்தார். ஜோன் வுல்ஃப் என்னும் அம்மையார் 1951இல் ஆடவரோடு தூர வீச்சுப் போட்டியில் மோதி வென்றவர். வீச்சின் இயக்கத்தைக் கூறுகூறாகப் பகுத்து 1987இல் நூலும் எழுதினார். வென்றது தோள்வலிமை அன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனிச் செய்யத்தக்கன சில. கோலைக் கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் மென்மையாகப் பிடித்து, நிறுத்தும் கணத்தில் மட்டும் இறுக்குக. முழங்கை தோளுக்குமேல் உயராதிருக்கட்டும். தென்மேற்குக் காற்று முகத்தில் அடிக்கும் காலத்தில் வன்மையைக் கூட்டாது, முன்வீச்சைத் தாழ்த்துக. காற்று வீசும் கையின் பக்கமிருந்து அடித்தால், தூண்டில்முள் முகத்திற் பாயக்கூடும். அப்பொழுது மறு தோளின்மேலாக வீசுக. தொப்பியும் கண்ணாடியும் எப்பொழுதும் வேண்டும். முள்ளுக்குப் பதிலாகக் கம்பளி நூற்றுண்டு ஒன்றைக் கட்டி, புற்றரையிலே நாள்தோறும் கால்மணி நேரம் பழகுதல், கடலிலே ஒருநாள் முழுதும் போராடுவதினும் பயன் தரும்.

பொழுதுபோக்காகத் தூண்டில் ஏந்துவோருக்கு இது இன்பத்தைப் பற்றிய செய்தி. வலையையே நம்பி வாழ்வோருக்கோ இது வயிற்றைப் பற்றிய செய்தி. ஒரு காலைப் பொழுதிலே எத்தனையோ முறை வலை வீசுகிற தோள் ஒன்று பழுதுற்றால், அந்த வீட்டின் அடுப்பும் அணைந்துவிடும். தோள்வலி தொடர்ந்தால் அதனை உழைப்பின் இயல்பென்று எண்ணிப் பொறுத்திராது, வைத்தியரை நாடுதல் நன்று. அதற்கு முன்னரே வீச்சைத் திருத்திக்கொள்ளுதல் அதனினும் நன்று.

முகத்துவாரத்து முதியவரின் வலை இன்றும் வட்டமாக விழுகிறதெனில், அதற்குக் காரணம் அவர் தம் தோளுக்குக் கொடுத்துவந்த ஓய்வே ஆகும். அருகே நிற்கும் இளைஞர், வலையைச் சற்றுக் கீழே வைத்துவிட்டு, அவருடைய இடுப்பையும் கால்களையும் கவனிப்பாராயின், அடுத்த வீச்சிலேயே வேறுபாட்டை உணர்வார்.