அஸ்மாரா: அழகும் அதன் வரைபடமும்

எரித்திரியாவின் தலைநகரான அஸ்மாரா, செங்கடல் துறைமுகமான மஸாவாவுக்கு மேற்கே, கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அமைந்த மேட்டுநில நகரம். 2017ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதனை உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்ததற்குக் காரணம் தொன்மையன்று. நூறாண்டைக்கூட எட்டாத நவீனத்துவக் கட்டடங்கள் இங்கு ஒரு முழு நகரமாகவே எஞ்சியிருப்பதுதான்.

நவீனத்துவக் கட்டடக்கலை என்பது, பழம்பாணித் தூண்களையும் சிற்ப வேலைப்பாடுகளையும் களைந்துவிட்டு, கட்டடத்தின் பயனும் கட்டுமானப் பொருளின் இயல்புமே அதன் வடிவத்தைத் தீர்மானிக்க வேண்டும் என்று வாதிட்ட இருபதாம் நூற்றாண்டுப் போக்காகும். 1890 முதல் இத்தாலியின் குடியேற்ற நாடாக இருந்த எரித்திரியாவை, 1935இல் முசோலினி எத்தியோப்பியப் படையெடுப்புக்குத் தளமாக்கியபோது, அஸ்மாராவில் இத்தாலியர் பெருந்தொகையாகக் குடியேற, 1941இல் பிரிட்டிஷ் படை நகரைக் கைப்பற்றும்வரை இப்பாணியிலான கட்டுமானம் வெகு வேகமாக நடந்தது.

அந்த வேகத்தின் உச்சம், 1938இல் ஜுசெப்பே பெத்தாத்ஸி என்னும் பொறியாளர் வடிவமைத்த ஃபியாட் தாலியெரோ பெட்ரோல் நிலையம். நடுவில் விமானி அறை போன்ற கோபுரமும், இருபுறமும் சுமார் 15 மீட்டர் நீளத்துக்குத் தாங்குதூண் ஏதுமின்றி நீளும் கான்கிரீட் இறக்கைகளும் கொண்ட இக்கட்டடம், உள்ளே இரும்புக் கம்பி பதித்த கான்கிரீட் எவ்வளவு தூரம் அந்தரத்தில் நிற்க இயலும் என்பதற்கு ஒரு துணிச்சலான சோதனை. ஒப்புக்கு வைத்த முட்டுக்கால்களை அகற்றும்படி பொறியாளர் துப்பாக்கியைக் காட்டி மிரட்டினார் என்ற கதை ஊரில் உலவுகிறது. அது மெய்யோ பொய்யோ, இறக்கைகள் இன்றும் நிற்கின்றன. இதனோடு ஒப்பிட, 1937இல் மரியோ மெஸ்ஸீனா வடிவமைத்த இம்பேரோ திரையரங்கு நேர்த்தியானதே என்றாலும் அடக்கமானது.

எனினும் இக்கலையை மதிப்பிடுவோர் முகப்புகளோடு நின்றுவிடலாகாது. நகரின் திட்ட வரைபடமே ஐரோப்பியர் பகுதி, கலப்புப் பகுதி, உள்ளூர் மக்கள் பகுதி, தொழிற்பகுதி என மக்களைப் பிரித்தது. பின்னர் வந்த இனச் சட்டங்கள் அப்பிரிவினையை மேலும் இறுக்கின. அகன்ற நிழற்சாலைகளும் வடிகால்களும் ஒரு பக்கத்துக்கு வாய்த்தபோது, அச்சாலைகளை அமைக்க உடலுழைப்பைத் தந்த எரித்திரியர் அபா ஷாவுல் போன்ற நெரிசலான குடியிருப்புகளில் வாழ்ந்தனர். ஆகவே வடிவத்தின் எளிமையைப் புகழ்ந்து திட்டத்தின் கொடுமையை மறப்பது அரைகுறை மதிப்பீடே. யுனெஸ்கோ வகுத்த எல்லைக்குள் அபா ஷாவுலும் சேர்க்கப்பட்டிருப்பது இவ்வகையில் நியாயமான முடிவு.

உள்ளூர் மரபு கட்டடங்களுக்குள் நுழைந்த இடங்களும் உண்டு. எந்தா மரியம் ஆர்த்தடாக்ஸ் பேராலயத்தின் வாயிற்கோபுரங்கள், மேட்டுநில மக்களின் வட்ட வடிவக் கூம்புக்கூரை வீட்டை நினைவூட்டுகின்றன.

இத்தனையும் இடிபடாமல் தப்பியதைக் காலம் உறைந்துபோன அதிசயம் என்று பயண எழுத்தாளர் வர்ணிப்பது வழக்கம். உண்மையில், எத்தியோப்பிய ஆட்சிக்கு எதிராக 1991வரை நீண்ட விடுதலைப் போரும் அதற்குப் பிந்தைய பொருளாதார நெருக்கடியும் புதுக்கட்டடங்களுக்கு இடம் தரவில்லை. அதே பணமின்மையால்தான் இன்று பல முகப்புகள் பூச்சு உதிர்ந்து, பழுது பார்க்கப்படாமல் நிற்கின்றன.