ஏரி வாரியத்தில் நமக்கு இடம் உண்டா?

(உலகத் தண்ணீர் நாள் கிராம சபையையொட்டி ஐயம்பேட்டையில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் அண்ணன்களுக்கும், நூறு நாள் வேலை முடித்து நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் அக்காக்களுக்கும், கடைசி வரிசையில் நிற்கும் மாணவத் தம்பி தங்கைகளுக்கும் என் அன்பு. "என்னப்பா படிக்கிற?" என்று கேட்பவர்களுக்கு என் ஆய்வைப் பற்றிச் சொல்லிப் புரியவைப்பது கடினம். நகரங்களில் ஆலோசனைக் குழு என்று ஒன்று வைக்கிறார்களே, அது ஏரி, குளம், மரம், குப்பை போன்ற வேலைகளுக்கு எப்படி ஆதரவு தருகிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலில் ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். ஒரு நகரத்தில் ஏரியைக் காப்பாற்ற ஆலோசனைக் குழு அமைத்திருந்தார்கள். ஓய்வுபெற்ற பொறியாளர், மருத்துவர், பேராசிரியர், இரண்டு கடை முதலாளிகள் இருந்தார்கள். நல்ல மனிதர்கள்தான். சொந்தக் காசு போட்டு மரக்கன்று வைத்தவர்கள். இரண்டு மணி நேரம் பேசினார்கள். கரையில் நடைபாதை, உட்கார இருக்கை, சுவரில் ஓவியம் என்று முடிவானது. தேநீர் கொண்டுவந்தவர் அந்த ஏரிக்கரையைத் தினமும் கூட்டுகிற தூய்மைப் பணியாளர் அம்மா. வெளியே வந்தபோது என்னிடம் சொன்னார்: "அந்தச் சாக்கடை எந்தத் தெருவுலேருந்து வந்து ஏரில வுழுதுன்னு எனக்குத் தெரியும் தம்பி. எங்கிட்ட யாரு கேக்கறா?"

நானும் திரும்பி உள்ளே போய் அதைச் சொல்லவில்லை. பார்வையாளன்தானே, ஆய்வாளன்தானே என்று இருந்துவிட்டேன். நானும் சேரியில் பிறந்தவன்தான். அந்த அம்மா என் அம்மா வயதுக்காரர். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. இன்று இங்கே பேசுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

தோழர்களே, குழு அமைத்து ஏரியைப் பார்ப்பது நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஆண்டு 919, 921. ஏரியைப் பார்க்க ஏரி வாரியம், தோட்டத்தைப் பார்க்கத் தோட்ட வாரியம். குடவோலை போட்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்று மேடைக்கு மேடை ஜனநாயகத்தின் தொட்டில் என்று இதைக் காட்டுகிறார்கள்.

பெருமைப்படும் முன் அந்தக் கல்வெட்டை முழுக்கப் படிக்க வேண்டும். அந்தக் குடத்தில் யார் பெயரைப் போடலாம்? கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது சதுர்வேதிமங்கலம், பார்ப்பனர்களின் சபை. ஏரியில் மண் வெட்டியவர், மடையைத் திறந்து மூடியவர், வயலில் இறங்கி நாற்று நட்ட பெண் ஆகியோர் பெயர் எழுதிய ஓலை அந்தக் குடத்துக்குள் விழ வழியே இல்லை. எனக்கு வயதும் போதாது, நிலமும் இல்லை, வேதமும் தெரியாது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அதே கல்வெட்டில், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வர முடியாது என்ற விதியும் உண்டு. அது நல்ல விதி. அதை நாம் எடுத்துக்கொள்வோம். மற்றவற்றைச் சுவரிலேயே விட்டுவிடுவோம்.

அது ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கதை, இப்போதுதான் சட்டம் வந்துவிட்டதே என்று கேட்கலாம். நகராட்சித் தீர்மானம் மட்டும் என்ன செய்யும் என்பதற்கு மகத் ஒரு பாடம். 1923இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் எஸ்.கே.போலே கொண்டுவந்த தீர்மானம் பொதுக் குளங்களையும் கிணறுகளையும் தீண்டப்படாதோருக்குத் திறக்கச் சொன்னது. 1924இல் மகத் நகராட்சி சவுதார் குளத்தைத் திறப்பதாகத் தீர்மானம் போட்டது. தீர்மானம் காகிதத்தில் இருந்தது. குளத்தில் கால் வைக்க ஒருவராலும் முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று புரட்சியாளர் அம்பேத்கர் தலைமையில் மக்கள் போய் நீரை அள்ளிக் குடித்தார்கள். சாதி இந்துக்கள் அடித்தார்கள். பிறகு குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தையே திரும்பப் பெற்றது. உயர் நீதிமன்றத்தில் நம் பக்கம் தீர்ப்பு வர 1937 ஆனது. நகராட்சிக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் மாறாதவரை, போட்ட தீர்மானத்தை அவர்களே கிழிக்க முடியும் என்பதுதான் அதில் நாம் கற்க வேண்டியது.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். அரசமைப்புச் சட்டத்தின் 74ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள் வாழும் நகரங்களில் வார்டு குழு வேண்டும் என்று அது சொன்னது. தமிழ்நாட்டில் வார்டு குழு, பகுதி சபைகளுக்கான விதிகள் வர 2022 ஆனது. பக்கத்தில் இருக்கிற காஞ்சிபுரம் 2021இல்தான் மாநகராட்சி ஆனது, 51 வார்டுகள். குப்பை, குடிநீர், சாக்கடை ஆகியவற்றில் என்ன குறை, எதை முதலில் செய்ய வேண்டும் என்று பகுதி சபை சொல்லலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பகுதி சபைப் பிரதிநிதியை மக்கள் வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. நியமிக்கிறார்கள்.

பல்லுயிர்ச் சட்டம் 2002இல் வந்தது. அதன்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். 2004ஆம் ஆண்டு மைய விதிகள் தலைவரைத் தவிர ஆறு பேர் வரை நியமிக்கச் சொல்லின. அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள், 18 விழுக்காட்டுக்குக் குறையாமல் பட்டியல் சாதி, பழங்குடியினர். ஆறு பேரில் 18 விழுக்காடு என்றால் ஒருவரைச் சற்றே தாண்டும்; அதற்குக் குறையாமல் என்றால் இரண்டு பேர்தான். அந்த இருவரையும் அந்த விதிகளின்படி நியமித்தது யார்? உள்ளாட்சிதான். தலையாட்டுகிறவரைத் தேடிப் பிடிப்பது அவர்களுக்குக் கடினமில்லை.

இதோடு தெருவோர வியாபாரிகள் சட்டத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். 2014இல் வந்தது. நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும். அவர்களை வியாபாரிகளே தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். யார் பிழைப்பைப் பற்றிப் பேசுகிறோமோ அவர்களே தங்கள் ஆளை அனுப்ப வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். பூ விற்கும் அக்காவுக்குக் கிடைத்த அந்த உரிமை, சாக்கடை அள்ளும் அண்ணனுக்கு ஏரிக் குழுவில் ஏன் இல்லை?

இடம் கிடைத்தால் என்ன மாறிவிடும் என்று கேட்பீர்கள். எது சுற்றுச்சூழல் என்பதே மாறும். வேகவதியை எடுத்துக்கொள்ளுங்கள். காஞ்சிபுரத்தைக் கடந்து நம் பக்கமாக வந்து திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர வேண்டிய ஆறு. நகரத்துச் சாக்கடையும் சாயக் கழிவும் கலந்து அது என்ன ஆனது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றைக் காப்பாற்றுவது என்ற பேச்சு வந்தபோது, முதலில் கண்ணில் பட்டவர்கள் கரையில் குடிசை போட்டிருந்த ஏழைகள். 'ஆக்கிரமிப்பாளர்' என்று பெயர் வைத்து, ஊருக்கு வெளியே கீழ்க்கதிர்ப்பூரில் அடுக்குமாடி கட்டி அனுப்பினார்கள். வெள்ளத்தில் மூழ்கும் இடத்தில் யாரும் வாழக் கூடாது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஆற்றை அழுக்காக்கிய கழிவுக் குழாய்களுக்கும் அதே வேகத்தில் நோட்டீஸ் போனதா? வேலைக்குப் பக்கத்திலேயே இடம் வேண்டும் என்று சொல்ல, முடிவெடுத்த மேசையில் கரையிலிருந்து ஒருவராவது உட்கார்ந்திருந்தாரா?

சாயத் தொழிலிலும் இதே கேள்விதான். நொய்யலைக் கெடுத்ததற்காக 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆறு கெட்டது உண்மை. விவசாயிகள் நட்டப்பட்டது உண்மை. ஆனால் ஒரே நாளில் கூலி இழந்தவர் சாயத் தொட்டியில் கை வைத்து வேலை செய்தவர். பட்டு நூலை சோடா போட்டு அவித்து, கொதிக்கும் சாயத்தில் முக்கி எடுப்பவரின் கையையும் நுரையீரலையும் நாம் சுற்றுச்சூழல் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்தத் தண்ணீர் ஆற்றுக்குப் போன பிறகுதான் அது சுற்றுச்சூழல் ஆகிறது.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். தண்ணீரைப் பற்றி இதைவிடப் பெரிய மாசு உண்டா? ஆனால் தண்ணீர் நாள் மேடைகளில் எத்தனை பேர் அந்த ஊர்ப் பெயரைச் சொல்கிறார்கள்? அது 'சாதிப் பிரச்சினை', ஆகவே இங்கே வேண்டாம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நாம் சொல்ல வேண்டியது, இந்த நாட்டில் சாதியைத் தொடாமல் தண்ணீரைத் தொட முடியாது என்பதுதான்.

மாற்றிச் செய்தவர்கள் இருக்கிறார்கள். பிரேசிலில் போர்ட்டோ அலெக்ரி நகரம் 1989இல் ஒரு முறையைத் தொடங்கியது. நகராட்சி முதலீட்டுப் பணத்தில் ஒரு பகுதியை எதற்குச் செலவிடுவது என்று மக்களே பகுதிவாரியாகக் கூடி முடிவு செய்தார்கள். ஏழைகள் கூடியபோது அவர்கள் பூங்கா இருக்கையை முதலில் கேட்கவில்லை. குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் கேட்டார்கள். அவர்கள் பகுதிகளுக்கு அவை போய்ச் சேர்ந்தன. ஆலோசனையோடு பணத்தின் மீது அதிகாரமும் சேர்ந்ததால்தான் அது நடந்தது.

ஆகவே காஞ்சிபுரம் மாநகராட்சிக்கும் நம் ஊராட்சிக்கும் சேர்த்து நான்கு கோரிக்கைகளை உங்கள் முன் வைக்கிறேன்.

ஒன்று: நீர், குப்பை, மரம் பற்றிய எந்தக் குழுவானாலும் தூய்மைப் பணியாளர், சாயத் தொழிலாளர், கரையில் குடியிருப்பவர் ஆகியோருக்கு இடம் வேண்டும். அந்த ஆளை அவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும்.

இரண்டு: குழுவின் கூட்டம் ஆண்டில் ஒருமுறையாவது சேரியில், காலனியில் நடக்க வேண்டும். குப்பை கொட்டும் இடத்தையும் சுடுகாட்டுப் பாதையையும் நடந்து பார்த்துவிட்டுப் பேச வேண்டும்.

மூன்று: சாக்கடை, குடிநீர், குப்பைமேடு முதலில். சுவர் ஓவியம் பிறகு. எவ்வளவு பணம், யாருக்கு ஒப்பந்தம் என்ற கணக்கை எழுதி ஒட்ட வேண்டும். காட்டாதவர் அடுத்த குழுவில் இருக்கக் கூடாது.

நான்கு: ஆற்றின் பெயரால் ஒருவரை அப்புறப்படுத்தும் முன், அவரிடம் பேசி, பிழைப்புக்குப் பக்கத்தில் இடம் கொடுத்த பிறகே தீர்மானம் போட வேண்டும்.

மார்ச் 22 கிராம சபைக்கு எல்லோரும் வாருங்கள். நம் ஊரில் குடிநீர், சுகாதாரக் குழு இருக்கிறது. ஜல் ஜீவன் திட்ட வழிகாட்டுதல் அதில் பாதிப் பேர் பெண்கள் என்றும், கால் பங்கு பட்டியல் சாதி, பழங்குடி உள்ளிட்ட நலிந்த பிரிவினர் என்றும் சொல்கிறது. அவர்கள் யார் யார் என்று பெயரைக் கேளுங்கள். பெயர் இருந்தால், கடைசியாக எப்போது கூட்டத்துக்கு அழைத்தார்கள் என்று அவரையே எழுந்து சொல்லச் சொல்லுங்கள். நாம் சொல்வதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

பட்டுச் சேலையில் உடலையும் கரையையும் கோர்வை போட்டு இணைக்க இரண்டு பேர் வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து நாடா தள்ளுகிறவரை எழுப்பி அனுப்பிவிட்டால் கரை ஒட்டாது. ஏரியும் அப்படித்தான். கூட்டுகிறவரையும் அள்ளுகிறவரையும் வெளியே நிறுத்திவிட்டு ஏரியைக் காப்பாற்ற முடியாது.

அன்று நான் உள்ளே போய்ச் சொல்லாமல் விட்டதை இன்று உங்கள் முன் சொல்லிவிட்டேன். அந்த அம்மா தேநீர்த் தட்டை வைத்துவிட்டு ஒரு நாற்காலியில் உட்காரும் நாள் வர வேண்டும். அதுவரை அந்த அறைகளின் கதவைத் தட்டிக்கொண்டே இருப்போம்.